ஒத்தக்கால் கணக்கு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? பாதி நெசம். மீதிப் பாதி என்னன்னா, எழுதணும்னு நெனச்ச விஷயத்துக்கு என் தம்பி அனுமதி கொடுக்கல. போன வாரம்தான் ஃபோன்ல "எழுதித் தொலை, ஆனா பேரு போடாத, ஊரு போடாத"ன்னான். சரி, பேரு கிடையாது. ஊரு, திருச்செந்தூர்லேர்ந்து கொஞ்சம் தள்ளி செம்மண் தேரிக்கு ஓரமா ஒண்ணு. அதுக்கு மேல சொன்னா அடிப்பான். அடிக்கிற அளவுக்குக் கால் தேறிடுச்சாங்கிறதுதான் இந்தப் பதிவே.

எங்க ஊர் கோயில் வாசல்ல ஒரு இளவட்டக்கல் கெடக்கு. உருண்டையா, வழவழன்னு, கைக்குப் பிடிமானமே இல்லாம. அந்தக் காலத்துல அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால போட்டாத்தான் பொண்ணு கொடுப்பாங்கன்னு தாத்தா சொல்லுவார். நீங்க தூக்குனீங்களா தாத்தான்னு கேட்டா மழை வர்ற மாதிரி இருக்குல்லன்னு பேச்சை மாத்திருவார் :-)

யோசிச்சுப் பார்த்தா, இன்னிக்கு ஜிம்முல 'ஒன் ரெப் மேக்ஸ்'னு ஒண்ணு சொல்றாங்களே, அதுதான் இது. ஒரே ஒரு தடவை உன்னால முடிஞ்ச அதிகபட்ச எடை எவ்வளவு? கல்லுக்கு எடை ஒண்ணுதான், அதனால பதில் ஆமா இல்லன்னு முடிஞ்சிரும். ஜிம்முல தட்டு தட்டா ஏத்திக்கிட்டே போகலாம். அப்படி உச்சிக்குப் போக பயமா இருந்தா, 1985லேர்ந்து எப்லேன்னு ஒருத்தர் பேர்ல ஒரு கணக்கு புழங்குது. 80 கிலோவைப் பத்து தடவை தூக்குறியா, பத்தை முப்பதால வகுத்து ஒண்ணைக் கூட்டி 80ஆல பெருக்கு. 107 கிலோகிட்ட வரும், அதுதான் உன் உச்சம்னு வச்சுக்கோ. பத்து தடவைக்கு மேல போனா இந்தக் கணக்கு உளற ஆரம்பிச்சிரும்.

ஆனா நீ எவ்வளவு நேரம் முக்கிக்கிட்டு நின்னேன்னு இளவட்டக்கல் கேக்காது. விளையாட்டு கேக்கும்.

வாலிபால்ல ஆம்பளைங்க நெட் 2.43 மீட்டர். ஓடி வந்து கடைசி அடிய வச்சு எழும்பும்போது பாதம் தரையில இருக்குற நேரம் ஏறக்குறைய கால் செகண்டுதான். தசை தன் முழு பலத்தையும் காட்டுறதுக்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அதாவது பேங்குல பத்து லட்சம் இருக்கு, ஆனா ஏடிஎம் ஒரு தடவைக்குப் பத்தாயிரம்தான் தரும்ங்கிற கதை. இருப்பு எவ்வளவுங்கிறது பலம். அந்தக் கால் செகண்டுல எவ்வளவு உருவ முடியும்ங்கிறதுதான் வெடிப்புத் திறன், இவங்க 'எக்ஸ்ப்ளோசிவ் பவர்'னு சொல்றது. ரெண்டும் சொந்தக்காரங்க, ஆனா ஒரே ஆள் இல்ல. எங்க ஊர்ல சிமெண்டு மூட்டை சுமக்குற ஒரு மாமா இருக்கார். பலத்துல அவரை யாரும் அடிச்சுக்க முடியாது. பச்சைக்குதிரை தாண்டச் சொன்னா ஆள் மேலயே விழுவார்.

இந்த ரெண்டாவது சமாச்சாரத்தை அளக்க எங்க பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியார் ஒரு வழி வச்சிருந்தார். இங்க கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கிறேன். விரல் நுனியில சாக்பீஸ் தூளைத் தடவிக்கணும். சுவத்தோரமா பக்கவாட்டுல நின்னு கையை நீட்டி ஒரு புள்ளி, அப்புறம் நின்ன எடத்துல இருந்து எம்பி ஒரு புள்ளி. ரெண்டுக்கும் நடுவுல டேப்பை வச்சு அளப்பார். முதல் புள்ளி வைக்கும்போது தோளைக் கொஞ்சம் கீழ எறக்கி வச்சுக்கிட்டா மூணு சென்டிமீட்டர் லாபம்ங்கிறதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம்தான் ஆச்சு. அவருக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்தான் ஆச்சு. இதுக்குப் பேரு சார்ஜென்ட் ஜம்ப்னு அவர் சொன்னப்போ ஏதோ போலீஸ் பரீட்சைன்னு நெனச்சோம். அது டட்லி சார்ஜென்ட்னு ஹார்வர்டுல உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவரு பேரு. 1921ல அவர் எழுதின ஒரு கட்டுரையிலேர்ந்து இந்தக் குதிக்கிற சோதனை பிரபலமாச்சு. நூறு வருஷம் தாண்டியும் இன்னும் அதைத்தான் குதிச்சுக்கிட்டு இருக்கோம்.

இப்போ சுவரு வேண்டாம், ஃபோன் போதும். நான் நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்ட வந்தவன். படிச்சதுல உருப்படியா உபயோகப்பட்ட ஒரே சமாச்சாரம் இதுதான்னு நெனைக்கிறேன். மேல போன பொருள் கீழ வந்துதானே ஆகணும்? பறந்த நேரத்துல பாதி ஏற, பாதி எறங்க. அதனால காத்துல இருந்த நேரத்தை அதே எண்ணால பெருக்கு, 9.81ஆல பெருக்கு, 8ஆல வகு. குதிச்ச உயரம் மீட்டர்ல வந்துரும். ஃபோன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்குற ஸ்லோமோஷன் இருக்கு. பாதம் தரையை விட்ட ஃப்ரேம், பாதம் தரையைத் தொட்ட ஃப்ரேம், நடுவுல எத்தனைன்னு எண்ணு. முடிஞ்சது. 2015ல ஸ்பெயின்காரர் ஒருத்தர் இதையே ஆப்பா செஞ்சு, லட்சக்கணக்குல விலை போகுற கருவியோட ஒப்பிட்டுப் பார்த்து, நல்லாவே ஒத்துப்போகுதுன்னு நிரூபிச்சும் காட்டிட்டார். நான் காசு கொடுக்க மனசில்லாம பைத்தான்ல இருபது வரி எழுதிக்கிட்டேன்.

முதல் சோதனை எலி நான்தான். 106 ஃப்ரேம். 24 சென்டிமீட்டர். ரெண்டு காலையும் சேர்த்து, முழு மூச்சா... அவ்வ்வ்.

மனசைத் தேத்திக்க வேற சூத்திரம் தேடினேன். 1999ல வந்த சேயர்ஸ் சூத்திரம் சிக்குச்சு. உயரத்தை 60.7ஆல பெருக்கு, உடம்பு எடையை 45.3ஆல பெருக்கு, கூட்டு, 2055ஐக் கழி. உச்ச சக்தி வாட் கணக்குல வரும். என் 82 கிலோவுக்கு 3116 வாட். நாலு குதிரை சக்திக்கு மேல! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். தம்பி அடிபடுறதுக்கு முன்னாடி 48 சென்டிமீட்டர் குதிச்சவன், 74 கிலோ. அவனுக்கு 4211. பரவால்லையே, முக்கால்வாசி வந்துட்டோமேன்னு பார்த்தா, எடையால வகுத்ததும் சாயம் வெளுத்துச்சு. அவனுக்குக் கிலோவுக்கு 57 வாட், எனக்கு 38. அதாவது என் தொப்பைக்கும் சேர்த்து அந்த சூத்திரம் மார்க் போட்டிருக்கு. வகுக்குற எண்ணை மாத்தினா கதையே மாறுதுங்கிறதை அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே கத்துக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தம்பி எனக்கு அஞ்சு வயசு இளையவன். ஆறடி. எங்க பக்கத்துல வாலிபால்னா சும்மா இல்ல, ராத்திரி முழுக்க லைட் போட்டு டோர்னமெண்ட் நடக்கும், ஊரே உக்காந்து பாக்கும். இவன் அட்டாக்கர். வலது கையால அடிக்கிறவங்கள்ல பலபேருக்கு எறங்கும்போது இடது கால்தான் முதல்ல தரையைத் தொடும். போன வருஷம் ஒரு மேட்ச்ல அப்படித்தான் எறங்கினான். யாரும் மேல விழல, எதுவும் தடுக்கல. முட்டி மட்டும் உள்பக்கமா மடங்குச்சு. 'பட்'னு ஒரு சத்தம் கேட்டதா அவனே சொன்னான். ஏசிஎல். முட்டிக்குள்ள குறுக்கே ஓடுற தசைநார், முழுசா அறுந்திருச்சு. தொடைக்குப் பின்னால இருந்து நார் எடுத்து உள்ள வச்சுத் தச்சாங்க.

ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாவது மாசம் ஒரு கடுதாசி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை, செலக்‌ஷன் ட்ரையலுக்கு வரச் சொல்லி. எந்த நிறுவனம்னு கேக்காதீங்க. நிரந்தர வேலைங்கிறது மட்டும் போதும். ட்ரையல் நாளுக்கு அவன் கால் ஆறரை மாசக் கால். அவனுக்கு வயசு 23. அப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். ரெண்டையும் சேர்த்துப் படிச்சுக்கோங்க.

ஆறாவது மாசம் நான் லீவுல ஊருக்குப் போனேன். வாசல்லயே நின்னான், மூஞ்சியெல்லாம் பல்லு. "அண்ணே, 95! பிசியோ டெஸ்ட் எடுத்துட்டாங்க. 90 வந்தாலே ஆடலாமாம்."

என்ன டெஸ்டுன்னு கேட்டேன். ஒத்தக்கால்ல நின்னு முன்னால தாவணும், அதே கால்ல எறங்கி ஆடாம நிக்கணும். வலது கால் 158 சென்டிமீட்டர், அடிபட்ட இடது கால் 150. 150ஐ 158ஆல வகுத்தா 95 சதவீதம். உலகம் பூரா செய்ற சோதனைதான், 1990கள்லேர்ந்து புழக்கத்துல இருக்கு. 90ங்கிற கோடும் எல்லாரும் ஒத்துக்கிட்ட கோடுதான். ஜிம்முல லெக் பிரஸ்லயும் பழைய எடையைத் தொட்டுட்டானாம். அம்மா சர்க்கரைப் பொங்கல் வச்சிருந்தாங்க.

எனக்கு வேற வேலை இல்ல, ஊர்ல நெட்வொர்க்கும் பாதி நாள்தான் வரும். ராத்திரி மாடியில உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சிருக்கக் கூடாது.

முதல் எடத்துல இடிச்சது இது. முன்னால தாவுறதும் மேல குதிக்கிறதும் ஒரே வேலை இல்ல. முன்னால தாவும்போது இடுப்பும் கணுக்காலும்தான் பெரும்பாலும் தள்ளுது, முட்டி ஓரமா நின்னு கைதட்டினாலே போதும். மேல எழும்பும்போது முட்டி வேலை செஞ்சே ஆகணும். தோஹாவுல இருக்குற ஆஸ்பெட்டார் மருத்துவமனை ஆளுங்க 2022ல இதை அளந்து போட்டிருக்காங்க. தூரத்துல ரெண்டு காலும் கிட்டத்தட்ட சமமா வந்த ஆட்டக்காரங்களுக்கே, நேரா மேல குதிக்கச் சொன்னா ஆபரேஷன் கால் தெளிவா பின்தங்குது. லெக் பிரஸ்ஸும் அதே மாதிரி. ரெண்டு காலையும் வச்சுத் தள்ளும்போது நல்ல கால் சத்தம் போடாம கூடுதல் சுமையை வாங்கிக்கும். நம்ம ஆபீஸ்ல பார்க்காததா? டீம் டெலிவர் பண்ணிடுச்சும்பாங்க. யாரு பண்ணினான்னு டீமுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலைல அவனைக் களத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். கதிரடிக்கிற சிமெண்டுக் களம். தேரி மணல்ல குதிச்சா மணலே பாதியைத் தின்னுரும், அளவு சரியா வராது. செருப்பைக் கழட்டச் சொல்லி, ஃபோனைத் தரையோட தரையா வச்சு, ஒத்தக்கால்ல நேரா மேல குதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு காலுக்கும் மூணு தடவை, அதுல நல்லதை எடுத்துக்கிட்டேன்.

வலது கால் 94 ஃப்ரேம், 18.8 சென்டிமீட்டர். இடது கால் 84 ஃப்ரேம், 15.0. வகுத்தா 80 சதவீதம்.

"அது வேற டெஸ்ட்டுண்ணே"ன்னான். ஆமா, வேறதான். நீ ஆடப்போறது முன்னால தாவுற போட்டியாடான்னு கேட்டேன். பதில் இல்ல.

இதோட விட்டிருந்தா கூட சண்டை வந்திருக்காது. எனக்கு அந்த 18.8 உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நல்ல கால் இவ்வளவுதானா குதிக்கும்? அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு... ரெண்டு வருஷம் முன்னாடி இந்த ஃபோன் வாங்கின புதுசுல ஸ்லோமோஷனைச் சோதிச்சுப் பார்க்க இவனைத்தான் எடுத்தேன். அதே களம். இவனும் சித்தப்பா பையனும் வெறுங்கால்ல, ஒத்தக்கால்ல யாரு ஒசரம்னு பந்தயம் கட்டிக் குதிச்சது. அழிக்காம கெடந்துச்சு. கையை வீசித்தான் குதிச்சிருந்தான், காலைலயும் நான் கையைக் கட்டச் சொல்லல. ஒப்பிடலாம்.

பழைய வலது கால் 104 ஃப்ரேம், 23 சென்டிமீட்டர். பழைய இடது கால் 106, 24 சென்டிமீட்டர். (ஆமாங்க, அவன் ஒத்தக்கால்ல குதிச்சது நான் ரெண்டு கால்ல குதிச்சதுக்குச் சமம். பின்னூட்டத்துல இதைப் பத்தி மட்டும் யாரும் பேசப்படாது.)

இப்போ கணக்கு போட்டுப் பாருங்க. இடது கால், பழைய இடது காலோட ஒப்பிட்டா 63 சதவீதம். நல்ல காலுன்னு நாம நெனச்ச வலதும் தன் பழைய அளவுல 82தான். ஆறு மாசமா ஊன்றுகோலும் கட்டிலுமா கெடந்ததுல ரெண்டு காலும் சேர்ந்தே எறங்கியிருக்கு. எறங்கின காலை வச்சு எறங்கின காலை வகுத்தா நல்ல மார்க்தான் வரும். டெஸ்ட் கேஸ் பச்சை காட்டும், ஏன்னா எதிர்பார்த்த விடையும் அதே பழுதான கோடுலேர்ந்துதான் வருது. இது ஏதோ நான் கண்டுபிடிச்ச மேதாவித்தனம் இல்ல. டெலவேர் பல்கலைக்கழகத்துல 70 பேரை வச்சு ஒரு ஆய்வு, 2017ல வந்தது. ஆறாவது மாசம் மத்த காலோட ஒப்பிட்டா 40 பேர் 90 சதவீதத்தைத் தாண்டினாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே அளந்து வச்ச நல்ல காலோட ஒப்பிட்டா தேறினவங்க 20 பேர்.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில வச்சுக் காட்டினேன். ரெண்டு வீடியோவையும் பக்கத்துப் பக்கத்துல ஓட விட்டேன். அது தப்பு. எண்ணை மட்டும் சொல்லியிருக்கணும். பழைய அவன் மேலயே தொங்கிக்கிட்டு இருக்கான், புது அவன் எறங்கி வந்து நின்னுட்டான். அப்படி ஒரு வீடியோவை இருபத்திமூணு வயசுப் பையன்கிட்ட யாராவது காட்டுவாங்களா?

"நீ அங்க ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல தட்டிட்டு மாசமானா சம்பளம் வாங்குவ. எனக்கு இருக்குறது இந்தக் கால் மட்டும்தான்."

"அதத்தாம்ல நானும் சொல்லுதேன்."

"இந்த ட்ரையல விட்டா அடுத்தது எப்போ வரும்னு உன் ஃபோன்ல எண்ணிச் சொல்லேன்."

எனக்கு வாயடைச்சுப் போச்சு. அம்மா உள்ளேர்ந்து, "ரெண்டு பேரும் பாதிராத்திரியில என்னத்த அளக்கிய?"ன்னாங்க. அப்பா திரும்பிப் படுத்தார். தூங்கலன்னு தெரியும்.

காலைல நானும் அப்பாவும் டவுனுக்குப் போய் அந்த பிசியோவைப் பார்த்தோம். சண்டை போடுற மூடுலதான் போனேன், மறைக்கல. எப்படிங்க 95ன்னு சொல்லி ஆட அனுப்புவீங்கன்னு ஆரம்பிச்சேன். அந்த அக்கா ஃபைலை எடுத்துத் திருப்பிக் காட்டினாங்க. 'துள்ளுற பயிற்சி ஆரம்பிக்கலாம்'னு எழுதியிருந்துச்சு. ஆடலாம்னு எங்கயும் இல்ல. "அடுத்த படிக்குப் போகலாம்னுதான் சொன்னேன் சார். உங்க தம்பி 90ங்கிறதை மட்டும் காதுல வாங்கிட்டுப் போயிட்டார்"ன்னாங்க. என் எண்களைக் காட்டினேன். பழைய வீடியோ இருக்குதுன்னதும் நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. அடிபடுறதுக்கு முந்தின அளவு கையில இருக்குற ஆளு நூத்துல ஒருத்தர் கூட வரமாட்டாங்களாம். ஆனா நான் விட்ட ஒண்ணையும் சுட்டினாங்க. குதிக்கிற உயரம் வேகத்தைச் சொல்லும், பலத்தைத் தனியா அளந்தாகணும். தொடை முன்பக்கத் தசையை உக்கார வச்சு, ஒத்தக்காலால எடையை நீட்டித் தூக்கச் சொல்லிப் பார்க்கணும். பலம் வராம உயரம் மட்டும் வந்தா வேற ஏதோ மூட்டு திருட்டுத்தனமா சமாளிக்குதுன்னு அர்த்தம். எறங்குறப்போ முட்டி உள்ளே மடங்குதான்னு முன்னாலேர்ந்து பார்க்கணும். நான் பக்கவாட்டுலேர்ந்து மட்டும்தான் எடுத்திருந்தேன். மண்டையில குட்டின மாதிரி இருந்துச்சு. அவன் அறுத்துக்கிட்டதே எறங்கும்போதுதானே? நான் ஏறினதை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்பா அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசல. கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "இப்போ போயி ஆடினா என்னம்மா ஆகும்?"

ஒண்ணும் ஆகாமலும் போகலாம்னாங்க. ஆனா நார்வேயும் அமெரிக்காவும் சேர்ந்து நூறு பேரை ரெண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2016ல வந்திருக்கு. ஒன்பதாவது மாசம் வரைக்கும், திரும்ப ஆடுறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடப்போட மறுபடி முட்டியில அடிபடுற வாய்ப்பு 51 சதவீதம் குறையுது. மாசத்துக்குப் பாதின்னு வச்சுக்கோங்கன்னாங்க. அப்பா தலையாட்டினார். பஸ்ல வரும்போது ஜன்னலோரமா உக்காந்து உடங்காட்டையே பார்த்துக்கிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் தம்பிகிட்ட, "கடுதாசிக்குப் பதில் எழுதிப் போடு, உடம்பு சரியில்லன்னு"ன்னார். அவ்வளவுதான். எங்க வீட்டுல அப்பா சொல்லி எதுத்துப் பேசின சரித்திரம் கிடையாது.

ட்ரையல் அன்னிக்கு நான் சென்னையில ஒரு ரிலீஸ்ல மாட்டிக்கிட்டு இருந்தேன். அவன் பூட்டின ரூமுக்குள்ள இருந்தானாம். அவனைவிட ஒரு அடி கம்மியா எம்புற பையன் ஒருத்தன் தேர்வாயிட்டான்னு சித்தப்பா பையன் சொன்னான். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் தம்பி என்கிட்ட பேசல. அம்மா ஃபோன்ல பேசும்போது பின்னால டிவி சத்தம் கேக்கும், நான் "அவன் இருக்கானா"ம்பேன், சத்தம் நின்னுரும்.

நான் சொன்னது சரியா? இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவன் போய் ஆடி, கால் தாங்கியிருந்தா, இன்னிக்கு அவனுக்கு நிரந்தர வேலை. ஆடாத ஆட்டத்துக்கு வீடியோ கிடையாது, ஃப்ரேம் எண்ண முடியாது.

ஒன்பதரை மாசத்துல ஒரு நாள் ராத்திரி வாட்ஸப்புல ஒரு வீடியோ. வணக்கம் இல்ல, ஒரு எழுத்து இல்ல. சிமெண்டுக் களம், வெறுங்கால், ஃபோன் தரையோட தரையா. யாரையோ பிடிச்சு எடுக்கச் சொல்லியிருக்கான். ஆபீஸ் கேண்டீன்ல உக்காந்து எண்ணினேன். இடது கால் 97, 20 சென்டிமீட்டர். பழைய இடதுல 84 சதவீதம். வலது 103, அது கிட்டத்தட்ட பழைய நெலைமைக்கே வந்திருச்சு. எண்ணை மட்டும் அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு. அவ்வளவுதான்.

பதினோராம் மாசம் அடுத்தது. இடது கால் 102! 22.1 சென்டிமீட்டர், 93 சதவீதம். நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சுட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன பாஸ், பில்ட் ஓடிருச்சான்னார். மறுபடி ஓட்டிப் பார்த்தேன்... எறங்கும்போது முட்டியை நல்லா மடக்கிக்கிட்டே வர்றான். அப்படி மடக்கினா பாதம் கொஞ்சம் லேட்டாத்தான் தரையைத் தொடும், காத்துல இருந்த நேரம் ஏறிரும், உயரம் ஓசியில கூடும். சாக்பீஸ் சுவத்துல தோளை எறக்குற அதே பழைய வித்தை.

"செல்லாது. காலை நீட்டி எறங்கு"ன்னு அனுப்பினேன். ரெண்டு மாசம் பேசாத மனுஷன்கிட்டேர்ந்து உடனே ஒரு குரல் பதிவு. போட்டுக் கேட்டேன். சிரிக்கிறான். கூடவே ரெண்டு கெட்ட வார்த்தை. காதுக்கு அவ்வளவு சொகமா இருந்துச்சு.

மறுநாள் நீட்டி எறங்கி எடுத்து அனுப்பினான். பிசியோ அக்கா சொன்ன மாதிரி முன்னாலேர்ந்தும் ஒண்ணு. முட்டி நேரா இருக்கு, உள்ளே மடங்கல. தொடை பலமும் அவங்க தனியா அளந்து 91ன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நான் எண்ணினேன். 100 ஃப்ரேம். 21.3 சென்டிமீட்டர். பழைய இடதுல 89 சதவீதம்.

இன்னும் ஒரே ஒரு ஃப்ரேம் இருந்தா 91. ஒரு ஃப்ரேம்ங்கிறது செகண்டுல 240ல ஒரு பங்கு, உயரத்துல அரை சென்டிமீட்டர் கூட இல்ல. பெருவிரல் தரையை விட்டுச்சா இல்லையான்னு மங்கலாத் தெரியுற அந்த ஃப்ரேமை நான் எந்தப் பக்கம் சேர்க்கிறேன்ங்கிறதைப் பொறுத்தது அது. நாலு தடவை எண்ணினேன். ரெண்டு தடவை 100, ரெண்டு தடவை 101.

ஃபோன் அடிச்சான். என்ன வந்துச்சுன்னு கேட்டான். 100ன்னேன்.

"ஒரு ஃப்ரேம்தானேண்ணே..."

அடுத்த வாரம் ஊருக்கு வர்றேன், நேர்லயே எடுப்போம்னு சொல்லியிருக்கேன். வரும்போது ஃபோனுக்கு ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிட்டு வா, இந்தப் பய கை நடுங்குதுன்னான். வாங்கிட்டேன். வியாழக்கிழமை ராத்திரி ரயில்.